பதில்காரரின் ராஜினாமா

செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேஜைக்குப் பின்னால் மேலாளர். குள்ளமான மனிதர், கால் தரைக்கு எட்டாததால், மேஜைக்கு அடியில் கிடந்த பழைய தோல் பெட்டியின் மேல் பாதங்களை வைத்திருந்தார். அவருக்கு எதிரே, நாற்காலியின் நுனியில், முதுகு சாயாமல் பதில்காரர். ஜன்னலோரத்து ஸ்டூலில் கிடங்குக்காரர். அவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் எங்கே பேச்சு நடந்தாலும் அங்கே அவருக்கு ஒரு ஸ்டூல் இருக்கும். கதவருகே, மடியில் பசைக் கிண்ணமும் கையில் தபால் கட்டுமாகப் பசையக்கா.

மேஜையின் நடுவில் ஒரு கடிதம் கிடந்தது.

"இது என்ன?" என்றார் மேலாளர்.

"ராஜினாமா சார்."

"யாரோடது?"

"என்னோடது சார். இப்பத்தானே உங்க கையில குடுத்தேன்."

"கையில குடுத்தீங்க பாருங்க, அதான் தப்பு. கம்பெனிக்கு ஒரு கடிதாசி எந்த வழியா வரணும்?"

"பசையக்கா வழியா."

"அப்புறம்?"

"என் தட்டுக்கு."

"அப்புறம்?"

"நான் பதில் எழுத..." பதில்காரர் பாதியில் நின்றார். விஷயம் அப்போதுதான் உறைத்தது. "சார், என் ராஜினாமாவுக்கு நானே பதில் எழுதணுமா?"

"வேற யாருக்கு இங்க எழுதத் தெரியும்? கிடங்குக்காரரை எழுதச் சொல்லவா?"

"நான் எழுதுவேனே," என்றார் கிடங்குக்காரர். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அது ஒரு பூட்டுக் கம்பெனி. பூட்டு வாங்கியவர்கள் பூட்டு திறக்கவில்லை என்று எழுதுவார்கள். சிலர் பூட்டவில்லை என்று எழுதுவார்கள். எல்லோருக்கும் பதில் போகும். திறக்கவில்லை என்றவருக்கு, அதுவே பூட்டின் உறுதிக்குச் சான்று என்று போகும். பூட்டவில்லை என்றவருக்கு, தாங்கள் வசிக்கும் பகுதியில் திருட்டுப் பயம் இல்லாததை அறிந்து மகிழ்ச்சி என்று போகும். இந்தப் பதில்களை எல்லாம் எழுதுவதால் அவருக்குப் பதில்காரர் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

கம்பெனிக்கு இரண்டு விதிகள் உண்டு. வேறு ஊரில் இருக்கும் முதலாளி போட்டவை. முதல் விதி: வருகிற கடிதம் எதுவானாலும், சரி என்று பதில் போகக் கூடாது, மறுத்துத்தான் போக வேண்டும். இரண்டாவது விதி: மறுக்க முடியாத கடிதம் வந்துவிட்டால், மறுபேச்சில்லாமல் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது விதிக்கு ஒரே ஒரு தடவைதான் வேலை வந்தது. ஒரு அம்மாள் கடிதத்துக்குப் பதிலாக, பூட்டிய பூட்டோடு கதவையே பெயர்த்து லாரியில் அனுப்பிவிட்டார். கதவில் ஒரு சீட்டு: 'திறந்து காட்டவும்.' பதில்காரர் அன்று முழுவதும் கதவின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மாளுக்குப் புதுப் பூட்டு போயிற்று. அந்தக் கதவு இன்னும் கிடங்கில் மேஜையாக இருக்கிறது.

இன்னொரு வழக்கமும் உண்டு. தட்டுக்கு வரும் கடிதங்களில் எழுதியவர் பெயர் தெரியாது. பசையக்கா அடியை மடித்து, மேலே ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுவார். முன்பு ஒரு தடவை பதில்காரர் தம் மச்சானின் புகாருக்கு இளகிப்போய் எழுதியதிலிருந்து வந்த ஏற்பாடு அது. முதலாளி வீட்டுக்குப் போகும் கடிதங்களும் மூட்டையாக இங்கேதான் வரும். முதலாளிக்காகப் பதில்காரரே எழுதுவார். அதில் வேலையை விட விரும்புகிறவர்களின் கடிதங்களும் இருக்கும். மழைக்காலம் தொடங்கினால் யாரோ ஒருவர் வருஷம் தவறாமல் ராஜினாமா எழுதுவார். ஒரு வருஷம் உடம்பு சரியில்லை என்பார், ஒரு வருஷம் ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பார். 'ஊர்கள் அந்தந்த இடத்திலேயே இருப்பதால் அவசரம் இல்லை என்று கருதுகிறோம்' என்று பதில்காரர் எழுதிய வரியை முதலாளியே பாராட்டியிருக்கிறார். யார் அந்தப் பாவம் என்று பதில்காரர் அவ்வப்போது யோசிப்பது உண்டு. பசையக்காவைக் கேட்டால், "பேர் கேக்காதீங்க, பசை காயுது" என்பார்.

"சார், திங்கட்கிழமை நான் அங்க சேரணும்," என்றார் பதில்காரர். "அச்சகத்துல பிழை திருத்தற வேலை. விடுவிச்சாச்சுன்னு உங்க கையெழுத்து இல்லாம உள்ளயே விட மாட்டாங்க. பெண்டாட்டியும் பொண்ணும் அந்த ஊர்ல, நான் இங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போறேன். ஸ்கூல்ல குடும்பத்தை வரையச் சொன்னா, என் பொண்ணு என்னை பஸ் ஜன்னலுக்குள்ள வரைஞ்சிருக்கா சார்."

மேலாளர் அந்தக் கடிதத்தை எடுத்துப் பசையக்காவிடம் நீட்டினார். "நல்ல காரணமாத்தான் இருக்கு. பேரை மடிச்சு ஒட்டி இவர் தட்டுல வைங்க."

"பேர்தான் எல்லாருக்கும் தெரியுமே," என்றார் பசையக்கா.

"இருந்தாலும் மடிங்க."

பதில்காரர் தம் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். தட்டில் கடிதம் காத்திருந்தது. இரண்டு வரி கடனே என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தார். ஆனால் 'அன்புடையீர்' என்று எழுதியதும் கை தன் வழக்கத்துக்குப் போய்விட்டது.

'தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் குடும்பம் வேறு ஊரில் இருப்பதைக் காரணமாகக் காட்டியுள்ளீர்கள். ஆழ்ந்து பரிசீலித்ததில், தங்கள் குடும்பம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. குறை இருப்பது பேருந்துகளின் நேரத்தில். அவை எங்கள் தயாரிப்பு அல்ல. மேலும், வாரம் ஒருமுறை மட்டும் காணக் கிடைக்கும் கணவர்மீது மனைவிக்குப் புகார் இருப்பதாகத் தங்கள் கடிதத்தில் எங்கும் குறிப்பு இல்லை. ஆகவே தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.'

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். தம்மை அறியாமல் புன்னகை வந்தது. பிறகு யாருக்கு எழுதினோம் என்பது நினைவுக்கு வந்தது.

மேலாளர் கையெழுத்துப் போட்டார். "கையிலேயே குடுத்துடுங்க சார், நான் இங்கதானே இருக்கேன்" என்று பதில்காரர் கேட்டுப் பார்த்தார். "தபால்ல போனாத்தான் அது பதில்," என்றார் மேலாளர். பசையக்கா ஒட்டினார். கடிதம் பதில்காரரின் வீட்டு விலாசத்துக்குப் போயிற்று.

புதன்கிழமை மாலை வீட்டிலிருந்து போன்.

"என்னங்க, உங்க கம்பெனியிலேர்ந்து கடிதாசி வந்திருக்கு. முடியாதாம்."

"தெரியும்."

"யாருங்க எழுதினது? படிக்கப் படிக்க வயிறு எரியுது. ஆனா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியல. என்ன மூளை படுபாவிக்கு!"

"நான்தான் எழுதினேன்."

மறுமுனையில் கடிதத்தை மடிக்கும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு வர மனசில்லேன்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு செலவு, தபால் எல்லாம்?"

"ஐயோ, அது வேலைம்மா! ராஜினாமா பண்ணினது நான். மறுத்தது கம்பெனி."

"இதோ உங்க பொண்ணு பேசணுமாம்."

"அப்பா," என்றது குழந்தை. "திங்கட்கிழமை நீ வருவியா, இல்ல பஸ்லயே இருப்பியா?"

வியாழக்கிழமை காலை பதில்காரர் இரண்டாவது ராஜினாமாவை முறைப்படி பசையக்காவிடம் கொடுத்தார். குடும்பத்தை விட்டுவிட்டு இந்தத் தடவை முதுகு வலியைக் காரணமாகச் சொன்னார். மடித்து ஒட்டப்பட்டு, சற்று நேரத்தில் அது அவர் தட்டுக்கே வந்தது. இம்முறை தயாராக இருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, தம் வாழ்நாளிலேயே மோசமான பதிலை எழுதினார்: 'முதுகு வலி என்கிறீர்கள். இருந்தாலும் பரவாயில்லை, வரவும்.'

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அவர் பதிலை ஓரமாக வைத்துவிட்டு ராஜினாமாவைத்தான் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"இது நீங்க எழுதின பதிலா? குப்பையா இருக்கு. மறுபடி ஒரு கடிதாசி போட்டா மனுஷன் ஜெயிச்சிடுவான். வேணும்னே விட்டுக் குடுத்திருக்கீங்க. அந்த ஆளுக்கும் உங்களுக்கும் ஏதாவது சொந்தமா?"

"நான்தான் சார் அந்த ஆள்!"

"பாத்தீங்களா? சொந்தத்துக்கும் மேல." மேலாளர் பதிலைத் திருப்பிக் கொடுத்தார். "ஒழுங்கா எழுதிட்டு வாங்க. நான் முதலாளிக்குப் பதில் சொல்லணும்."

ஒழுங்காக எழுதினார். 'முதுகு வலி முதுகில் தோன்றுவதல்ல, நாற்காலியில் தோன்றுவது' என்று தொடங்கிய அந்தப் பதிலின் முடிவில், நல்ல நாற்காலி ஒன்று வழங்கப்படும் என்று ஒரு பேச்சுக்கு எழுதியிருந்தார். மத்தியானத்துக்குள் நாற்காலி வந்துவிட்டது. மெத்தை வைத்தது, கை வைத்தது. கம்பெனியில் அப்படிப்பட்ட நாற்காலி ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணே," என்று பின்னாலேயே வந்து நின்றார் கிடங்குக்காரர். "உங்க முதுகு வலிச்சா என் நாற்காலியா கிடைச்சுது? நான் இனிமே எதுல உக்காரறது, அந்தக் கதவு மேலயா?"

"எடுத்துக்கிட்டுப் போயிடுங்களேன்."

"அது எப்படி? மேனேஜர் கையெழுத்துப் போட்டு வந்திருக்கே. நீங்க வேற என்ன வியாதி வேணும்னாலும் எழுதுங்க அண்ணே, என் சாமான் பக்கம் மட்டும் வராதீங்க."

வெள்ளிக்கிழமை பதில்காரர் வேறு வழியில் போனார். தம்மைத் தாமே குறை சொல்லிக்கொண்டார். தாம் திறமையற்றவர், மெதுவாக எழுதுகிறவர், தம்மை வைத்திருப்பதால் கம்பெனிக்கு எந்தப் பயனும் இல்லை. இதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது என்று நினைத்தார்.

பேனாவைப் பிடித்ததும் முடிந்தது. தம்மைப் பற்றித் தமக்கே தெரிந்த நல்ல விஷயங்கள் இவ்வளவு இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மேலாளர் அந்தப் பதிலை நடுக்கூடத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். 'தாங்கள் இல்லாத ஒரு நாளை இந்தக் கம்பெனி கற்பனை செய்து பார்க்கவும் விரும்பவில்லை' என்ற இடத்தில், நாற்காலி பறிபோன கிடங்குக்காரரே மூக்கை உறிஞ்சினார்.

"இந்த மனுஷனைப் போய் விடலாமா?" என்றார் அவர்.

"நான்தான் எழுதினேன்யா!"

"அதனாலதான் சொல்றேன் அண்ணே. மனசைத் தொட்டுட்டீங்க."

சாயங்காலம் கிடங்கிலிருந்து பித்தளைத் தகடு ஒன்று வந்து பதில்காரரின் மேஜையில் திருகாணியோடு இறங்கிற்று: தலைமைப் பதில்காரர். கிடங்குக்காரர் இருக்கிற பலத்தை எல்லாம் போட்டு முறுக்கினார். "இனிமே இதைக் கழட்டணும்னா மேஜையை உடைக்கணும்," என்றார் பெருமையாக.

பதில்காரர் மெத்தை நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். எல்லோரும் கலைந்த பின் மேலாளர் மட்டும் மெதுவாகக் கிட்டே வந்தார். மூன்று ராஜினாமாக்களும் அவர் கையில் இருந்தன.

"ஒண்ணு கேக்கணும்," என்றார். "நீங்க குடும்பத்தைக் காரணம் காட்டறீங்க, முதுகைக் காட்டறீங்க. இது ரெண்டும் இல்லாத ஆள் என்ன பண்ணுவான்? தனி ஆள், உடம்பும் நல்லாத்தான் இருக்கு. அவன் வேலையை விடணும்னா என்னதான் எழுதுவான்?"

"எதுக்கு சார் கேக்கறீங்க?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான்."

"அவன் எதை எழுதினாலும் நான் மறுத்திடுவேன் சார்," என்றார் பதில்காரர் சோர்வாக. "அதானே என் பிரச்சினையே."

மேலாளர் தலையை ஆட்டிக்கொண்டு தம் அறைக்குப் போனார். பெட்டியின் மேல் கால் ஏறும் சத்தம் கேட்டது.

அன்று மாலை பதில்காரரே வீட்டுக்குப் போன் செய்தார். தலைமைப் பதில்காரர் ஆன கதையைக் கேட்டு மனைவி சிரிக்கவில்லை.

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. அந்த அச்சகத்துக்காரர் இன்னைக்கும் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். திங்கள் இல்லேன்னா வேற ஆளாம்."

"நான் என்ன பண்ணட்டும்? எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அதை உடைக்கறதுக்கு எனக்கு வழி தெரியுது."

"அப்ப ஏன் காரணம் சொல்றீங்க?"

"காரணம் இல்லாம எப்படி எழுதறது?"

"உங்க பொண்ணு தூங்க மாட்டேன்னு நிப்பா. ஏன்னு கேப்பேன். தாகம்னுவா, தண்ணி குடுப்பேன். பயம்னுவா, விளக்குப் போடுவேன். ஒவ்வொண்ணா நான் ஜெயிச்சுக்கிட்டே வருவேன். போன வாரம் ஒரு நாள் ஏன்னு கேட்டேன். 'மாட்டேன், அவ்வளவுதான்'னுட்டா. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அன்னைக்குக் கூட உக்காந்து விளையாட வேண்டியதாப் போச்சு."

பதில்காரர் போனைக் காதில் வைத்தபடியே சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ இங்க வேலைக்கு வந்திருந்தா நான் எப்பவோ வீட்டுக்குப் போயிருப்பேன்."

சனிக்கிழமை காலை பசையக்காவிடம் நாலாவது கடிதத்தைக் கொடுத்தார். சற்று நேரத்தில், அடி மடித்து ஒட்டப்பட்டு, அது தட்டுக்கு வந்தது.

'ஐயா, இன்றோடு வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன். எனக்குப் போக வேண்டும். வணக்கம்.'

அவ்வளவுதான்.

பதில்காரர் ஒரு தாளை எடுத்து 'அன்புடையீர், தங்கள் கடிதம் கிடைத்தது' என்று எழுதினார். அடுத்து, 'தங்களுக்குப் போக வேண்டும் என்று குறிப்பிட்டுள்ளீர்கள். ஆழ்ந்து பரிசீலித்ததில்' என்று எழுதி நிறுத்தினார். ஆழ்ந்து பரிசீலித்தார். தாளைக் கசக்கிப் போட்டார். வேறு தாள் எடுத்தார். டீ ஆறிப்போய் மேலே ஆடை படர்ந்தது. ஏமாற்றுகிறோமோ என்று சந்தேகம் வந்து, மனசாட்சிப்படி நிஜமாகவே முயன்று பார்த்தார். போக வேண்டியதில்லை என்று எழுதலாம். அந்த ஆள்தான் வேண்டும் என்கிறானே! எங்கே போகிறான் என்று சொல்லியிருந்தால் அந்த ஊரைக் குறை சொல்லலாம். எதற்கு என்று சொல்லியிருந்தால் அதை இங்கேயே தருகிறோம் என்று சொல்லலாம். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. சாவி நுழைக்கத் துவாரமே இல்லாத பூட்டு.

கசக்கிய தாள்கள் காலடியில் குவிந்தன. கிடங்குக்காரர் வேலையை விட்டுவிட்டு ஸ்டூலோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

மேலாளர் அறை வாசலில் வந்து நின்று பார்த்தார். உள்ளே போனார். மறுபடி வந்தார்.

"என்ன, வரலையா?"

"வரல சார்."

"நல்லா முயற்சி பண்ணினீங்களா? விட்டுக் குடுக்கலையே?"

"என் பொண்ணு மேல சத்தியமா இல்ல சார். எதைப் பிடிச்சு மறுக்கறது? இதுல பிடிக்க ஒண்ணுமே இல்லையே. அந்தக் கதவுக்கு அப்புறம் இதுதான்."

மேலாளர் கடிதத்தை வாங்கினார். ஒரு தடவை படித்தார். உதடு அசைய இன்னொரு தடவை படித்தார். அவர் காகிதத்தை இறுகப் பிடித்ததைக் கிடங்குக்காரர் கவனித்து, கோபம் என்று நினைத்து ஸ்டூலை இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பிரமாதம்," என்றார் மேலாளர் தணிந்த குரலில். "யார் வேணும்னாலும் எழுதியிருக்கலாம் போல இருக்கு. ஆனா யாருக்கும் தோணலையே." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "விதின்னா விதி. மறுக்க முடியலேன்னா குடுத்துடணும். விடுவிப்புக் கடிதத்தை நானே எழுதறேன்."

கடிதத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வரி எழுத அவ்வளவு நேரம் எதற்கு என்று பதில்காரருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அவர் அப்போது தம் பேனாக்களைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, கிடங்குக்காரருக்கு நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கும் சடங்கில் இருந்தார்.

"தகடு என்ன பண்றது அண்ணே? வராதே."

"இருக்கட்டும். அடுத்து வர்றவருக்கு ஆகும்."

"அடுத்து யாரு வரப் போறா? எழுதறதுக்கு இந்த ஊர்ல உங்களை விட்டா யாரு இருக்கா?"

கதவு திறந்தது. மேலாளர் கடிதத்தைப் பதில்காரரின் கண்முன்னே நீட்டினார். விடுவித்தாயிற்று; கீழே கையெழுத்து, முத்திரை. பதில்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதையாவது கையில குடுத்துடுங்களேன் சார்."

"தபால்ல போனாத்தான் பதில். திங்கட்கிழமை காலையில வீட்டுல இருக்கும்." மேலாளர் அவர் தோளைத் தட்டப் போனார். எட்டாததால் முழங்கைக்குச் சற்று மேலே தட்டினார். "பொண்ணைக் கேட்டதாச் சொல்லுங்க. போயிட்டு வாங்க."

பதில்காரர் கிடங்குக்குப் போய் அந்தக் கதவை ஒரு தடவை தொட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, கடைசியாக ஒரு நன்றி சொல்லலாம் என்று மேலாளர் அறைக்குப் போனார். அறை காலியாக இருந்தது. நாற்காலி மேஜைக்குள் ஒழுங்காகத் தள்ளப்பட்டிருந்தது. மேஜைக்கு அடியில், தூசி படியாத ஒரு நீளச் சதுரம் மட்டும் தரையில் பளபளத்தது.

தபால் வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. பசையக்கா கவரின் வாயில் விரலால் பசையைத் தடவி, மடித்து, உள்ளங்கையால் அழுத்தினார். பதில்காரர் அந்தக் கவரில் தம் வீட்டு விலாசத்தைப் படித்துப் பார்த்துக்கொண்டார்.

"மேனேஜர் எங்கக்கா? சாப்பிடப் போயிருக்காரா?"

"பொட்டியத் தூக்கிக்கிட்டா சாப்பிடப் போவாங்க?"

பசையக்கா எழுந்தார். அவர் கையில் இப்போது இரண்டு கவர்கள் இருந்தன. இரண்டையும் தபால்காரரின் பைக்குள் போட்டார். பையின் வாயை இறுக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு தபால்காரர் வண்டியில் ஏறினார்.

"இன்னொண்ணு யாருக்குக்கா?"

வண்டி தெரு முனையில் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, பசையக்கா விரலில் காய்ந்திருந்த பசையை உரித்தபடி சொன்னார்: "முதலாளிக்கு. வருஷா வருஷம் மழைக்கு ஒரு ராஜினாமா வருமே, அவரோடதுதான். உங்க கடிதாசியவே ஒரு வார்த்தை மாத்தாம எழுதி, கீழ தன் பேரைப் போட்டுட்டார் மேனேஜர். முதல்ல உங்க கவரை ஒட்டச் சொல்லி, ஒட்டினதைக் கண்ணால பாத்தப்புறம்தான் அதை என் கையில குடுத்தார்."